உங்கள் அறைக்கு எத்தனை டன் ஏசி? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கத்திரி வெயில் நெருங்கினால் போதும், நம் குடும்பங்களில் ஒரே பேச்சாகிவிடும். "இந்த வருஷமாவது ஒரு ஏசி போட்டுடலாம்." வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்புவார். வயதான அத்தாவும் அம்மாவும் இரவில் தூக்கமில்லாமல் தவிப்பதைப் பார்த்து மருமகன் முன்வருவார். பக்கத்து டவுன் கடைக்குப் போனால் அங்கே முதல் கேள்வி, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" நம்மிடம் பதில் இருக்காது. கடைக்காரர் சொல்வதை, அல்லது பக்கத்து வீட்டில் இருப்பதை வாங்கி வந்துவிடுவோம்.

இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் அடுத்த பத்து ஆண்டுகள் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். சிறியதை வாங்கினால் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியும் அறை குளிராது. பெரியதை வாங்கினால் முதலில் கடையில் கூடுதல் பணம், பிறகு உடம்பில் பிசுபிசுப்பு, சில வீடுகளில் மின்கட்டணத்திலும் அடி. நம் திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பக்கத்து வீடுகளை மனதில் வைத்து, பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த யாரும் போடக்கூடிய வகையில் இதை விளக்கலாம்.

டன் என்பது எடை அல்ல

ஒன்றரை டன் ஏசி என்றால் ஒன்றரை டன் எடை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் இது ஐஸ் காலத்துக் கணக்கு. சென்னை திருவல்லிக்கேணி அருகே ஐஸ் ஹவுஸ் என்று ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இயற்கைப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்ட கட்டடம் அது. ஐஸ்தான் குளிர்ச்சி என்றிருந்த உலகில் குளிர்ச்சியை அளக்கவும் ஐஸையே அளவுகோலாக வைத்தார்கள்.

ஒரு டன் ஐஸ் (அமெரிக்க டன், சுமார் 907 கிலோ) 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை இழுக்கும் மெஷின் ஒரு டன் மெஷின். மணிக்கு 12,000 பி.டி.யு. என்று சொல்வதும் இதைத்தான். வாட் கணக்கில் சுமார் 3,500 வாட். ஒன்றரை டன் என்றால் சுமார் 5,250 வாட்.

இந்த 3,500 வாட், மெஷின் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. அது இழுக்கும் கரண்ட் இதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஏனெனில் ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. மோட்டார் பம்பு கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவது போல, ஏசி அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் இதை வெப்ப பம்பு என்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பம்பு வாங்க மாட்டோம். அறையில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று பார்க்காமல் ஏசி வாங்குவது மட்டும் எப்படிச் சரியாகும்?

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

"நூறு சதுர அடிக்கு ஒரு டன்" போன்ற வாய்ப்பாடுகள் புழக்கத்தில் உள்ளன. அவை தரையின் அளவை மட்டும் பார்க்கின்றன. தரையிலிருந்து வெப்பம் வருவதில்லை. கூரை, சுவர், ஜன்னல், ஆட்கள், கதவிடுக்கில் நுழையும் காற்று ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது.

திருநாவலூரில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் 12க்கு 12 அடி படுக்கையறை, உயரம் 10 அடி. மேலே வெறும் கான்கிரீட் தளம். மேற்கிலும் வடக்கிலும் ஒன்பது அங்குல வெளிச்சுவர். வடக்கில் நான்குக்கு நான்கு அடி ஜன்னல். உள்ளே நான்கு பேர். மே மாதம், மாலை 4 மணி, வெளியே 40 டிகிரி. உள்ளே 26 டிகிரி வேண்டும். அறைக்குள் வரும் வெப்பம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

கூரைத் தளம்: 1,000 வாட்
மேற்குச் சுவர்: 350 வாட்
வடக்குச் சுவர்: 250 வாட்
மற்ற அறைகளை ஒட்டிய இரண்டு உள்சுவர்கள்: 300 வாட்
ஜன்னல் (நேரடி வெயில் இல்லாமல்): 150 வாட்
நான்கு பேர், ஆளுக்குச் சுமார் 100 வாட்: 400 வாட்
ஃபேன், விளக்கு, டிவி: 100 வாட்
இடுக்குகளில் நுழையும் சூடான ஈரக் காற்று: 350 வாட்

மொத்தம் 2,900 வாட். இதில் மூன்றில் ஒரு பங்கு கூரையிலிருந்து மட்டும் வருவதைக் கவனியுங்கள்.

இதே அறை கீழ்த்தளத்தில் இருந்தால்? மேலே வெயில் படும் தளத்துக்குப் பதிலாக இன்னோர் அறை இருக்கும். 1,000 வாட் என்பது 200 வாட்டாகக் குறையும். மொத்தம் 2,100 வாட்தான். அதே 144 சதுர அடிதான், ஆனால் தேவையில் 800 வாட் வித்தியாசம். சதுர அடிக் கணக்கு இதைச் சொல்லாது.

இன்னொன்று. ஜன்னல் வடக்கில் இல்லாமல் மேற்கில் இருந்து, மேலே சன்ஷேடும் இல்லாமல் மாலை வெயில் நேராக விழுந்தால், அந்த ஒரு ஜன்னலே கூடுதலாக 450 வாட் கொண்டுவரும். மாடி அறையின் மொத்தம் 3,350 வாட் ஆகிவிடும்.

லேபிளில் உள்ள எண்ணும் நம் ஊர் வெயிலும்

ஒரு டன் 3,500 வாட்தானே, 3,350க்குப் போதுமே என்று தோன்றலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் விற்கும் ஏசியின் திறனை, வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் சோதித்துத்தான் லேபிளில் அச்சிடுகிறார்கள். வெளியே வெப்பம் ஏற ஏற மெஷினின் திறன் குறையும். 40 டிகிரியைத் தாண்டும்போது பத்து சதவீதம் அளவுக்குக் குறைவதாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதாவது நம் ஊர் மே மாத மாலையில் ஒரு டன் ஏசி தருவது சுமார் 3,150 வாட்.

இப்போது முடிவு எளிது. கீழ்த்தள அறை (2,100) என்றால் ஒரு டன் தாராளம். 0.8 டன்னும் போதும். வடக்கு ஜன்னல் உள்ள மாடி அறைக்கு (2,900) ஒரு டன் சரியாக இருக்கும். மேற்கு வெயில் விழும் மாடி அறை (3,350) என்றால் ஒன்றரை டன் வேண்டும், அல்லது அந்த வெயிலைத் தடுக்க வேண்டும். 14க்கு 16 அடி மாடி அறையென்றால் இதே முறையில் 3,900 வாட் அளவுக்கு வரும். அதற்கு ஒன்றரை டன்தான்.

கடையில் ஸ்டிக்கரைப் பார்க்கும்போது டன்னை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றரை டன் என்ற பெயரில் 4,700 வாட்டும் இருக்கும், 5,200 வாட்டும் இருக்கும். குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று லேபிளில் அச்சாகியிருக்கும். அந்த எண்தான் கணக்கு.

வளைகுடாவில் பார்த்த டன் இங்கே வேண்டாம்

"அங்கே எங்க ரூமுக்கு ரெண்டு டன் ஓடுச்சு" என்று ஊர் திரும்பிய சகோதரர்கள் சொல்வதுண்டு. அந்த நாடுகளின் வெப்பம் வேறு. அங்கே விற்கும் ஏசிகளை வெளியே 46 டிகிரி என்ற கடுமையான நிலையிலும் சோதிக்கிறார்கள். ஒரே அறையில் ஆறு, எட்டுப் பேர் தங்குவார்கள். மெஷின் பகல் இரவு ஓடும். கரண்ட் பில்லும் பெரும்பாலும் கம்பெனி கணக்கு. அந்த அனுபவத்தை வைத்து, இரண்டு பேர் படுக்கும் கீழ்த்தள அறைக்கு இரண்டு டன் வாங்கிக் கொடுப்பது பெற்றோருக்குச் செய்யும் உதவியாகாது.

அங்கிருந்து கார்கோவில் ஏசி அனுப்பும் எண்ணம் இருந்தாலும் யோசியுங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய மெஷின் இங்கே ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. சர்வீசும் கிடைக்காது.

பெரிசாகவே வாங்கிவிட்டால் என்ன?

ஏசிக்கு இரண்டு வேலை. ஒன்று சூட்டைக் குறைப்பது, இன்னொன்று காற்றில் உள்ள ஈரத்தை எடுப்பது. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான். ஈரத்தை எடுக்க மெஷின் நிதானமாக, தொடர்ந்து ஓட வேண்டும். அளவுக்கு மிஞ்சிய மெஷின் ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். சூடு குறையும், ஈரம் அப்படியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் "ஏசி ஓடுது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பிசுபிசுப்பைப் போக்க இன்னும் குறைத்து 20, 18 என்று வைப்பார்கள். குளிரில் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும், பில்லும் ஏறும்.

இன்வெர்ட்டர் ஏசிகள் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவற்றுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்கும் கீழே தேவை இருந்தால் அவையும் நின்று நின்றுதான் ஓடும். கொஞ்சம் பெரியதாக இருப்பதில் தவறில்லை. தேவையைப் போல இரண்டு மடங்கு என்பது தவறு.

பெருநாளன்று ஹாலில் இருபது பேர் வருவார்கள் என்பதற்காக ஹாலுக்கு இரண்டு டன் போடுவதும் இப்படித்தான். இருபது பேர் வருவது ஆண்டில் ஓரிரு நாள். மீதி நாட்களில் நான்கு பேர்தான் இருப்போம். அந்த நான்கு பேருக்குக் கணக்குப் போடுங்கள். பெருநாளன்று ஃபேனையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஹாலில் மாடிப்படி திறந்திருந்தால் அதற்கு எத்தனை டன்னும் போதாது. முதலில் அதற்குக் கதவோ திரையோ வேண்டும்.

500 யூனிட் என்ற கோடு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மாற்றப்பட்ட கட்டண அமைப்பில் 500 யூனிட் ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று நினைக்க வேண்டாம். 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையும் இரண்டு மடங்காகிவிடும்படி அது அமைக்கப்பட்டது. கட்டண விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் கடைசி பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி இல்லாத ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கிறது என்று வைப்போம். இரவு முழுவதும் சராசரியாக 2,000 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை மெஷின் வெளியேற்றும் என்பது அதன் பொருள். அது 4 என்றால் மெஷின் இழுப்பது 500 வாட். எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட், 60 நாளுக்கு 240 யூனிட். மொத்தம் 490. கோட்டுக்கு உள்ளே இருக்கிறோம். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போட்டால் 300 யூனிட் ஆகி, மொத்தம் 550. கோட்டைத் தாண்டிவிட்டோம். ஐ.எஸ்.இ.இ.ஆர். 5 உள்ள மெஷின் என்றால் பத்து மணி நேரம் ஓடினாலும் 240 யூனிட்தான். மறுபடியும் 490.

தினமும் போடுகிற வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் ஏன் லாபம் என்பது இதில் புரியும். விருந்தினர் அறைக்கு, ஆண்டில் சில நாட்கள் மட்டும் என்றால் மூன்று நட்சத்திரமே போதும். லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் உள்ள ஏசிகள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். 26இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம்.

முதலில் மாடித் தளம், பிறகு மெஷின்

மேற்கு ஜன்னல் உள்ள மாடி அறையின் கணக்கு 3,350 வாட் என்று பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் ஒன்றரை டன் வாங்குவதற்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளை நிற வெப்பத்தடுப்புப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால், கூரை வழியாக வரும் 1,000 வாட் ஏறத்தாழ பாதியாகக் குறையலாம். மொத்தம் 2,850. ஒரு டன்னே போதும்! மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தட்டியோ பச்சை வலையோ கட்டினால் இன்னும் குறையும். உள்ளே போடும் திரையைவிட வெளியே போடும் நிழல் பல மடங்கு பலன் தரும். வெயில் கண்ணாடிக்குள் நுழைந்த பிறகு தடுத்து என்ன பயன்?

தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அந்த அளவுக்கு இது முக்கியமான விஷயம். மெஷின் பழுதாகும், கரண்ட் போகும். வெள்ளைத் தளம் கரண்ட் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். ஏசி வாங்க வசதி இல்லாத குடும்பங்களும் இதைச் செய்யலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை வீடுகளில் ஃபால்ஸ் சீலிங் போடாமல் ஏசி மாட்டவே கூடாது. ஓட்டு வீடுகளில் இடுக்குகள் அதிகம் என்பதால் குளிர்ந்த காற்று நிற்காது. அங்கேயும் இதே கதைதான்.

ஹாட் அண்ட் கோல்ட் ஏசி தேவையா?

வெப்ப பம்பைத் திருப்பி ஓட்டினால் வெளியிலிருக்கும் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவரும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். திருநாவலூர், கள்ளக்குறிச்சி சமவெளியில் மார்கழியிலும் நமக்கு இது தேவைப்படாது. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இரவுக் குளிர் உண்டு. அங்கேகூட அறையைச் சூடாக்குவதைவிட வெந்நீர்தான் முக்கியத் தேவை. கீசர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே தரும். வெப்ப பம்பு வகை வாட்டர் ஹீட்டர் அதே கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குத் தரும். விடுதி, மதரசா போன்று தினமும் அதிக வெந்நீர் செலவாகும் இடங்களுக்கு இது யோசிக்க வேண்டிய ஒன்று.

பள்ளிவாசலுக்கு வீட்டுக் கணக்கு உதவாது

ஊர் ஜமாஅத்களில் பள்ளிக்கு ஏசி போடுவது பற்றிப் பேச்சு வரும்போது இதையும் கவனியுங்கள். நூறு பேர் தொழுதால் அவர்களின் உடல் வெப்பம் மட்டும் 10,000 வாட்டைத் தாண்டும். அதுவே மூன்று டன். அவர்கள் சுவாசிக்கத் தேவையான வெளிக்காற்றை உள்ளே விட்டால், அந்தச் சூடான காற்றைக் குளிர்விக்க அதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படலாம். கூரை, சுவர்க் கணக்கு தனி. வெளிக்காற்றே வராமல் அடைத்துவிட்டால் ஜும்ஆ முடிவதற்குள் தலைவலியும் கொட்டாவியும் வரும். ஆகவே பள்ளிவாசலுக்குச் சதுர அடி பார்த்து ஏசி வாங்காமல், முறையாகக் கணக்குப் போடத் தெரிந்த பொறியாளரை அழைத்துக் கேளுங்கள். நம் ஊர்களில் இத்தகைய வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

மாட்டும்போது

சரியான அளவில் வாங்கியும் தவறாக மாட்டினால் கணக்கு வீணாகிவிடும். வெளி யூனிட்டை மேற்கு வெயில் படாத இடத்தில், நாலாபக்கமும் காற்றோட்டம் இருக்கும்படி வையுங்கள். திருட்டுக்குப் பயந்து நெருக்கமான கூண்டுக்குள் அடைத்தால் அது தள்ளும் சூடான காற்றையே மறுபடி இழுக்கும். செம்புக் குழாயின் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கேஸ் திறக்கும் முன் குழாயை வேக்குவம் பம்பு வைத்து வெற்றிடமாக்கச் சொல்லுங்கள். சிலர் நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தவிர்ப்பார்கள்.

ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயரும், தனி எம்.சி.பி.யும், நல்ல எர்த்தும் கட்டாயம். பழைய வீட்டின் பிளக் பாயிண்டில் செருகுவது ஆபத்து. இரவில் வோல்டேஜ் குறையும் தெருவாக இருந்தால், மெஷின் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கேட்டு, தேவைப்பட்டால் ஸ்டெபிலைசர் வையுங்கள். மின்வாரியத்தில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில்

அறையின் நீளம், அகலம், உயரம். மேலே வெயில் படும் தளமா, இன்னோர் அறையா. எந்தெந்தச் சுவர் வெளிச்சுவர், மேற்கில் எது. ஜன்னல் எந்தப் பக்கம், நிழல் உண்டா. வழக்கமாக எத்தனை பேர் படுப்பார்கள். தினமும் எத்தனை மணி நேரம் ஓடும். கடைசி கரண்ட் பில்லில் எத்தனை யூனிட்.

இந்த ஏழு பதில்களோடு போனால் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா" என்று கடைக்காரர் கேட்கும்போது நீங்கள் விழிக்க வேண்டியதில்லை. வீண்விரயம் கூடாது என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். தேவைக்கு மேல் ஒரு டன் வாங்கி, பத்து ஆண்டுகள் அதற்குக் கரண்ட் பில் கட்டுவதும் வீண்விரயம்தான். அந்தப் பணத்தில் மாடிக்கு வெள்ளை அடித்தால், மின்சாரம் போன இரவிலும் பெற்றோர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்கள்.